கண்ணுக்குள் விட்ட எண்ணெய்



விழித்திரை விலகிய கண்ணில், நிலைமை மோசமாக இருந்தால், உள்ளிருக்கும் கூழை அகற்றிவிட்டுச் சிலிக்கோன் எண்ணெயை நிரப்புவதுண்டு. விலகிய திரைக்குச் சிலிக்கோன் எண்ணெயைப் பயன்படுத்துவது பற்றி அமெரிக்க மருத்துவர் பால் சிபிஸ் 1962-ல் வெளியிட்டார். திரை ஒட்டிக்கொள்ளும் வரை எண்ணெய் அதைத் தாங்கிப் பிடிக்கும். எண்ணெய் மிதக்கும் என்பதை நம் தாய்மார் அறிவார்கள். ஆகவேதான் நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்கிறோம். கீழ்ப்பகுதித் திரைக்கு அந்தத் தாங்கல் குறைவே.

எண்ணெய் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களில் வெளியே வரவேண்டும். நெடுநாள் தங்கினால் கண்புரை ஏறக்குறைய நிச்சயம். முன்னால் வந்து கருவிழியைத் தொட்டால் அது வெளுத்துப்போகும். எல்லாவற்றிலும் கொடியது வேறு: எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து, கண்நீர் வடியும் வழியை அடைக்கிறது. அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பட்டுப்போகிறது. பல வேளைகளில் வலியே தெரியாது!

மண்டபத்தூரில் கடலுக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஓரளவு பார்வை தெரிகிறது, வலியில்லை. புதுச்சேரி ஜிப்மருக்கோ அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ 100 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். துணைக்கு வருபவருக்கும் கூலி போகும். "பிறகு பார்க்கலாம்" என்பார். அவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது.

எண்ணெயை எடுத்தபின் சிலருக்குத் திரை மறுபடி விலகுவதும் உண்டு. அதனால் சில கண்களில் எடுக்காமலே விட்டு, அழுத்தத்தை மட்டும் அடிக்கடி சோதிப்பார்கள். அதற்கும் அவர் வந்தாக வேண்டுமே!

ஆகவே இத்தகைய ஒரு கண்ணுக்கு உதவ முன்வரும்போது, இரண்டு அறுவைச் சிகிச்சை என்றே கணக்கிடுங்கள். துணையாளின் பஸ் கட்டணமும் அதில் சேரும்.