நம்பிக்கைகளும் உண்மைகளும்: எந்த போர்ட்டில் எந்த வயர்?

தியாகராய நகரின் கடைகளிலும், மயிலாப்பூர் மாட வீதிகளை அடுத்த கிளினிக்குகளிலும், அடையாற்றின் பள்ளிக்கூடங்களிலும், இணைய இணைப்புக்கும் உள்ளிருக்கும் கணினிகளுக்கும் நடுவே ஃபயர்வால் என்னும் பெட்டியொன்றை வாங்கி மாட்டி, அதன் விளக்குகள் மினுங்கத் தொடங்கிவிட்டால் ஸ்தாபனம் முழுவதும் பத்திரமாகிவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக நிலவுகிறது. இந்த நம்பிக்கையால் விளையும் அனர்த்தம் பெட்டியே இல்லாதிருப்பதால் விளைவதைவிடக் குறைவென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஃபயர்வால் தன் ஊடாகச் செல்லும் போக்குவரத்தை மட்டுமே பரிசோதிக்க வல்லது. தன்னைத் தொடாமல் செல்வதைப் பற்றி அதற்கு யாதொரு ஞானமும் கிடையாது. ஆகவே எந்த போர்ட்டில் எந்த வயர் செருகப்பட்டிருக்கிறது என்பதே முதல் விசாரணையாக இருக்கவேண்டும்.

ஒரு கடையில் பில் போடும் கணினியும், கேமராக்களின் ரெக்கார்டரும், வாடிக்கையாளருக்கான வைஃபையும் ஒரே சுவிட்ச்சில் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து ஒற்றை வயர் ஃபயர்வாலுக்குச் செல்லுமானால், யாரோ ஒருவருடைய கைப்பேசியில் குடியிருக்கும் வைரஸ் பில் கணினியைத் தேடிச் செல்வதற்கு ஃபயர்வாலின் அனுமதியே தேவைப்படாது. ஒரே நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் சுவிட்ச்சின் வழியாகவே நேராகப் பேசிக்கொள்ளும். பெட்டியில் நான்கைந்து போர்ட்டுகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றில் ஒவ்வொரு வயரைச் செருகினால் பிரிவினை தானே ஏற்பட்டுவிடாதா என்று கேட்பவர் உண்டு. சிறிய ஃபயர்வால்கள் பலவற்றில் உள்பக்கத்து போர்ட்டுகள் யாவும் ஒரே சுவிட்ச்சாகப் பிணைக்கப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அந்தப் பிணைப்பை அவிழ்த்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி முகவரியும் தனி மண்டலமும் நிர்ணயித்து, மண்டலத்துக்கு மண்டலம் எது போகலாம், எது கூடாது என்ற விதிகளை எழுதினாலொழிய, பிரிவினை வயர்களின் நிறத்தில் மட்டுமே இருக்கும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், சமையலறை என்று ஒரு கிரமம் இருந்ததும், திண்ணையில் அமர்ந்தவர் அதனாலேயே சமையலறை வரை செல்லும் உரிமை பெற்றுவிடாததும் எவ்வளவு தெளிவான ஏற்பாடோ, அவ்வளவு தெளிவு இங்கும் வேண்டும்.

இது அற்பமான விஷயமென்று எண்ணுகிறவர்கள் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். 2022 நவம்பர் 23 அன்று அங்கே ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டு, பல நாட்கள் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுதவேண்டியதாயிற்று. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் விடையளித்தது. நமது கூடங்குளத்தில் 2019-ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ இதற்கு மறுபக்கம். நிர்வாகப் பணிக்கான கணினியொன்றில் வைரஸ் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டபோது, முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும் தெரிவித்தது. உள்ளே இருப்பதெல்லாம் நம்பத் தகுந்தது என்ற எண்ணம் இவ்விரண்டு இடங்களிலும் பொய்த்தது. பிரிவினை இருந்ததும் இல்லாததுமே விளைவை வேறாக்கின.

மழைக்காலத்தில் ஒரு லைன் அறுந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டாவது பிராட்பேண்ட் வாங்குவது சென்னையில் நியாயமான முன்ஜாக்கிரதையே. ஆனால் அவசரத்தில் அந்த மோடத்தின் வயரை ஃபயர்வாலின் இரண்டாவது வெளி போர்ட்டில் செருகாமல் நேராக உள்சுவிட்ச்சில் செருகிவிட்டு, பெட்டிதான் இருக்கிறதே என்று நிம்மதியடைவதை எந்த விதத்திலும் மன்னிக்க முடியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்னும் புழு இப்படித்தான் பிரவேசித்தது. அதைத் தடுக்கும் விதி ஃபயர்வாலில் இருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவருடைய நெட்வொர்க்கிலிருந்து வந்த தனி லைனோ ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே சேர்ந்திருந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடங்கிக் கிடந்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியில் இல்லாதிருந்தது பெரும் பாக்கியம்.

192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் வெளியார் கண்ணுக்குத் தெரியாது, அதுவே காவல் என்பது இன்னொரு அபிப்பிராயம். 1994-இல் வகுக்கப்பட்ட அந்தத் தனி முகவரிகள் முகவரிப் பஞ்சத்தைத் தணிப்பதற்காக ஒதுக்கப்பட்டவை. காவலுக்கென்று வந்தவை அல்ல. இப்போது பரவிவரும் ஐ.பி. ஆறாம் பதிப்பில் உள்ளிருக்கும் கருவிக்கே உலகளாவிய முகவரி கிடைத்துவிடுவதால், அதற்கும் தனியே விதி எழுதியாகவேண்டும். மோடமும் 192.168.1 என்ற வரிசையில் இருந்து, உள்பக்கத்துக்கும் அதே வரிசையைக் கொடுத்துவிட்டால், எது எந்தத் திசையில் இருக்கிறது என்று ஃபயர்வாலுக்குத் தெரியாமல் இணையம் நின்றுபோகும். பெட்டி பழுது என்று பலர் அதைக் கழற்றி வைத்துவிடுவது இந்தக் குழப்பத்தால்தான். உள்பக்கத்து வரிசையை 10.20.30 என்று மாற்றினாலே போதும். வெளி போர்ட்டில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்துவைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதை இன்றே மூடிவிடவேண்டும்.

வேலை முடிந்தது என்று நிறுவியவர் கூறும்போது, வாடிக்கையாளர் வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்து, கேமரா ரெக்கார்டரின் முகவரியை அதன் பிரௌசரில் தட்டிப் பாருங்கள். நுழைவுப் பக்கம் திறக்குமானால் பிரிவினை நடைபெறவில்லை. பணம் கொடுப்பதை நிறுத்திவைத்து, அவரை மறுபடியும் உட்காரச் சொல்லுங்கள்.