மூன்றரை வட்டிப் பணம்

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே செம்மேட்டில் இறங்கும்போது தலை கிறுகிறுத்தது. பையில் எண்பது ரூபாய். ஆடிப்பெருக்கு, வல்வில் ஓரி விழாக் கூட்டம் வேறு. மிளகு விற்ற அம்மாவிடம் ஜிபே இருந்தது, ஆனால் "டவர் எடுக்கலையே தம்பி" என்றார். டெபிட் கார்டை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். கூட வந்த நண்பர் சொன்னார்: "கிரெடிட் கார்டுல ரெண்டாயிரம் எடு. பில்லு வந்ததும் கட்டிக்கலாம், அதுவரைக்கும் வட்டியா கேக்கப் போறான்?"

கேட்பான். பழைய பாக்கி இல்லாமல் கடையில் தேய்த்துப் பொருள் வாங்கினால்தான் 45, 50 நாள் வட்டியில்லாத தவணை. ஏடிஎம்மில் எடுத்தால், நோட்டு கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்கும் முன்னால் எடுப்புக் கட்டணம் ஒன்று உண்டு. பல கார்டுகளில் அது 2.5%, ஆனால் குறைந்தது 500 ரூபாய். இந்தக் 'குறைந்தது' சிறுதொகை எடுப்பவரைத்தான் கடிக்கும். இரண்டாயிரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: கட்டணம் 500, அதற்கு 18% ஜிஎஸ்டி 90. மாதம் 3.5% என்றால் வட்டி 70, அதற்கும் ஜிஎஸ்டி 12.60. ஒரு மாதம் கழித்துக் கட்டினால் 672 ரூபாய் 60 காசு கூடுதல். மறுநாளே கட்டினால் வட்டிதான் மிச்சம். 590 போனது போனதுதான்.

ஊர் வட்டிக்கடைக்காரர் நூற்றுக்கு மூன்று வட்டி கேட்டால் கந்துவட்டி என்று திட்டுவோம். இது மூன்றரை வட்டி. வழவழப்பான அட்டையில் வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"இவ்வளவு வட்டியைச் சட்டம் விடாது" என்பது அடுத்த நம்பிக்கை. ஒரு காலத்தில் விடாமல்தான் பார்த்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கிரெடிட் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42.

கார்டின் லிமிட் முழுவதையும் ரொக்கமாக எடுக்கலாம் என்பதும் தவறு. ரொக்கத்துக்கு அதில் ஒரு பங்கைத்தான் ஒதுக்குவார்கள்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது: ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து நண்பருக்கு அனுப்பினால் நோட்டாக வாங்கிக்கொள்ளலாமாம். 2022இல் ரிசர்வ் வங்கி இந்த இணைப்புக்கு வழிவிட்டது கடைக்காரர்களுக்குப் பணம் செலுத்தத்தான். ஆளுக்கு ஆள் அனுப்ப அதில் இடமில்லை.

அன்று நண்பரின் பேச்சைக் கேட்டு ஏடிஎம் வாசல் வரை போகத்தான் செய்தேன். கதவில் அட்டை தொங்கியது: பணம் இல்லை. திரும்பி வந்தால், அந்த அம்மா கால் கிலோ மிளகைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். தன் போன் நம்பரை அதன் மேலேயே எழுதிக்கொடுத்தார். "கீழ போயி டவர் கெடச்சதும் போட்டுடு."

காரவள்ளியில் வண்டியை நிறுத்தி அனுப்பினேன்.