திருச்சுழி ஸ்டேஷனிலிருந்து படிக்கப் போகும் மகளுக்கு

அருப்புக்கோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. போலீஸ் டூட்டியை விடாமலே குற்றவியல் நீதியில் மேற்படிப்புப் படிக்கலாமா என்று உன் அப்பா மூலமாகக் கேட்டிருந்தாய். தாராளமாகப் படி. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன்.

திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இரண்டும் நல்ல இடங்கள், ஆனால் நாள்தோறும் வகுப்பில் உட்கார வேண்டும். பாராவும் பந்தோபஸ்தும் பார்க்கிற உன்னால் அது ஆகாது. உனக்குத் தோதானது இக்னோவின் குற்றவியல் நீதி முதுநிலை டிப்ளமோ. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம், ஒரு வருடப் படிப்பு, மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. வேறு எங்காவது சேரச் சொல்லி யாராவது விளம்பரத் தாளைக் கையில் திணித்தால், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதே. இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்: இந்தப் படிப்பை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு நேரில் போய்ப் படித்த சட்டப் பட்டம் வேண்டும். தபால் வழிச் சட்டப் பட்டத்தைப் பார் கவுன்சில் ஏற்பதில்லை.

சேர்வதானால் ஜூலையில் சேர். ஜனவரியில் சேர்ந்தால் பரீட்சை டிசம்பரில் வரும். அதற்கு முன்னே செப்டம்பர் 11 பரமக்குடி நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜை, கூடவே தீபாவளி என்று உங்கள் ஆட்களுக்கு வீட்டுக்குப் போகவே நேரம் இருக்காத மாதங்கள் அவை. ஜூலையில் சேர்ந்தால் பரீட்சை ஜூனில். தை பிறந்த பிறகு படிக்க உனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். பகுதிநேரமாகப் படிப்பதைக் குறையாக நினைக்காதே. முழுநேர மாணவன் கைதையும் ரிமாண்டையும் புத்தகத்தில்தான் பார்ப்பான். நீ பகலில் எழுதிய தாளை இரவில் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கிற மனம் வேண்டும். அது இல்லாமல் பிரமோஷனை மட்டும் நினைத்துப் படித்தால் பரீட்சை எழுதி முடித்த மறுநாளே எல்லாம் மறந்துபோகும்.

ஸ்டேஷனில் நீ தினமும் புரட்டுகிற பதிவேடுகளிலிருந்து தொடங்கு. உன் எல்லையில் இருக்கும் வயதானவர்கள் சிலர் ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்லக் கேட்டிருப்பாய். வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம்தான் அது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதில் சேர்க்கப்பட்ட சாதியில் பிறந்த ஆண்பிள்ளை கைரேகை வைக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். பல ஊர்களில் இரவில் போலீஸ் சொன்ன இடத்தில்தான் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் ஊர்கள் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த மாவட்டத்தின் முதுகுளத்தூர்ப் பக்கமும் இந்தச் சட்டம் பாய்ந்தது. 1947இல்தான் நம் மாகாணத்தில் அதை எடுத்தார்கள்.

சட்டம் போனாலும் பதிவேட்டின் பழக்கம் அவ்வளவு லேசில் போவதில்லை. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் பிரித்து வைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபர் 3இல். கைதிகளின் பதிவேட்டில் இருக்கும் சாதிப் பத்தியை நீக்கவும் சொன்னது. குற்றப் பரம்பரைச் சட்டம் எடுபட்டு எத்தனை வருடம் கழித்து என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இன்று உன் ஸ்டேஷனில் ஒருவன் பெயரைச் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றும்போது, அவன் செய்ததைப் பார்த்து ஏற்றுகிறார்களா, எந்தத் தெருக்காரன் என்று பார்த்து ஏற்றுகிறார்களா? அந்தக் கேள்வி உனக்குள் எழ வேண்டும் என்பதற்காகத்தான் உன்னைப் படிக்கச் சொல்கிறேன்.

சாத்தான்குளம் உனக்குத் தெரியும். 2020 ஜூன் 19இல் கடைக்கார அப்பாவையும் மகனையும் அந்த ஊர்ப் போலீஸார் பிடித்தார்கள். டாக்டர் சான்று, ரிமாண்ட் உத்தரவு, கோவில்பட்டிக் கிளைச்சிறையில் சேர்த்த பதிவு எல்லாம் இருந்தன. நான்கு நாளைக்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். கைதியைப் பாதுகாக்க வைத்த ஒவ்வொரு படியும் தாளில் மட்டும் நடந்திருக்கிறது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவர் எடுத்துக்கொண்ட ஆபத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். கைது செய்யும்போது போலீஸ் கடைப்பிடிக்க வேண்டியதைச் சொல்லும் டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பை நீ படிக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்.

நம் வறண்ட பூமியில் அதிகம் பார்க்கிற இன்னொரு கொடுமை ஜாமீன். ஜாமீன் உத்தரவே கிடைத்திருக்கும், ஆனால் சொத்து ஜாமீன் போட ஆள் இருக்காது. கரிமூட்டம் போடுகிறவனுக்கும் கிடை போடுகிறவனுக்கும் யார் பத்திரத்தை நீட்டுவார்கள்? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் அவனை வெளியே விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வழக்குகளுக்கும் வேறு வழக்கு பாக்கி உள்ளவனுக்கும் இது பொருந்தாது. இதை அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லி, இலவச வக்கீலுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்ல ஒரு போலீஸ்காரிக்கு ஐந்து நிமிடம் போதும்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் மாறிவிட்டன. 302 இப்போது 103, 420 இப்போது 318, எஃப்.ஐ.ஆர். போடும் 154 இப்போது 173. ஆனால் அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். ஆகவே ஒரு நோட்டில் பழைய பிரிவு ஒரு பக்கம், புதியது எதிர்ப்பக்கம் என்று உன் கையாலேயே எழுது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மலைக்காதே. முதலில் தமிழில் அந்த வழக்கை உனக்கு நீயே சொல்லிப் பார், பிறகு புத்தகத்தைத் திற.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. ஸ்டேஷனின் கேஸ் டைரியையோ, புகார் கொடுத்தவர் பெயரையோ, செல்போனில் எடுத்த படத்தையோ அசைன்மெண்ட்டுக்குப் பயன்படுத்தாதே. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவள் யாரென்று வெளியிட்டால் அதுவே குற்றம். உதாரணம் வேண்டுமென்றால் அச்சில் வந்த தீர்ப்புகளே ஏராளமாக இருக்கின்றன.

விண்ணப்பம் போடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வழியாக மேல் அதிகாரிக்கு எழுதி அனுமதி வாங்கிவிடு, நகலைப் பத்திரமாக வை. கட்டணத்தை நான் கட்டுகிறேன், உன் அப்பாவிடம் கேட்காதே. இந்த வருடம் மல்லி விதைக்கவே அவன் கடன் வாங்கியிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா