நடுத்தர மதிப்பெண்ணுக்கும் கல்லூரி உண்டு: கேமரன் மலைப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் பத்திரிகைகளில் 10ஏ வாங்கிய பிள்ளைகளின் படங்கள்தாம். அவர்களுக்கு 2024 முதல் இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் தர அரசு முன்வந்துவிட்டது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களில் அதிகம் இருப்பவர்களோ மூன்று, நான்கு, ஐந்து கிரெடிட் வாங்கும் பிள்ளைகள். இந்தக் குறிப்புகள் அவர்களைப் பெற்றவர்களுக்கு.

1. முதலில் கிரெடிட்டை எண்ணுங்கள். 'சி' வரைக்கும் கிரெடிட். 'டி', 'இ' வெறும் தேர்ச்சி. பொதுவாக ஒரு கிரெடிட் இருந்தால் சான்றிதழ்ப் படிப்பு, மூன்று இருந்தால் டிப்ளோமா, ஐந்து இருந்தால் ஃபவுண்டேஷன். துறைக்கேற்ப கணிதமோ அறிவியலோ கூடுதலாகக் கேட்பார்கள். மலாய், வரலாறு இரண்டில் ஒன்று தவறினாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. திரும்ப எழுத வழி உண்டு, பள்ளியில் உடனே கேளுங்கள்.

2. உபகாரச் சம்பளம் தேடுவதற்கு முன் கட்டணம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு ஒரு தவணைப் படிப்புக் கட்டணம் 200 ரிங்கிட்தான். தனியார் கல்லூரி பாதி உபகாரச் சம்பளம் கொடுத்தாலும் இந்தத் தொகைக்கு அருகில் வராது. 'பாலிடெக்னிக்கா?' என்று முகம் சுளிக்கும் உறவினர் கட்டணம் கட்டப்போவதில்லை.

3. மாநில எல்லையைப் பார்க்காமல் சாலையைப் பாருங்கள். நாம் பகாங்கில் இருந்தாலும் குவாந்தான் அடுத்த கடற்கரையில் இருக்கிறது. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ. 1969-இல் தொடங்கிய நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் அங்கேதான் இருக்கிறது. ரிங்லெட் பக்கத்தார் தாப்பா வழியாக இறங்கினால் கம்பார் கிட்டே. பிள்ளை மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகும் பஸ் செலவும் படிப்புச் செலவுதான். தாப்பாவில் பெரிய கட்டடமாகத் தெரியும் யு.ஐ.டி.எம்., பூமிபுத்ராக்களுக்கான பல்கலைக்கழகம். அதற்கு விண்ணப்பித்து நாளைக் கடத்த வேண்டாம்.

4. படிவம் 6-ஐ மட்டம் தட்டாதீர்கள். அரசுப் பள்ளியிலேயே ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. தவணை முடிந்ததும் தேர்வு. ஒரே தேர்வில் எல்லாம் போய்விடும் என்ற பயமில்லை. எஸ்.பி.எம்.மில் சுமாராக எழுதிய பிள்ளை இங்கே தேறிவந்து பொதுப் பல்கலைக்கழகம் போவது அபூர்வமல்ல. செலவென்று பார்த்தால் சீருடை, புத்தகம், பஸ் அவ்வளவே.

5. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் பாடத்துக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. நடுத்தர மாணவருக்கு இந்தப் பத்து பெரிய விஷயம். சாரணர், செஞ்சிலுவை, கபடி, தமிழ்மொழிக் கழகம் எதுவானாலும் பொறுப்பும் சான்றிதழும் இருக்கட்டும். பிள்ளை படிவம் 4-இல் இருக்கும்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி எல்லாவற்றுக்கும் இதே யு.பி.யு. வாசல்தான். விருப்பப் பட்டியலில் பல்கலைக்கழகங்களை மட்டும் அடுக்காமல், நிச்சயம் கிடைக்கக்கூடிய இரண்டையும் கீழே போடுங்கள். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு.

6. தனியார் கல்லூரியில் 'மெரிட் உபகாரச் சம்பளம்' என்றால் பெரும்பாலும் கட்டணக் கழிவு என்றே பொருள். கையில் காசு வராது. கல்விக் கண்காட்சியில் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள். கழிவு முதல் தவணைக்கா, படிப்பு முடியும்வரைக்கா? எத்தனை சி.ஜி.பி.ஏ.வுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள்? பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணத்துக்கும் பொருந்துமா? சோதனைத் தேர்வு முடிவை வைத்து இடம் பிடித்துவிட்டு பிறகு வராவிட்டால் முன்பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு கல்லூரி ஆண்டுக்கு 18,000 ரிங்கிட் என்று சொல்லி 30 விழுக்காடு கழிக்கிறது. கட்ட வேண்டியது 12,600. அடுத்த கல்லூரி ஒரு காசும் கழிக்காமல் 11,000 கேட்கிறது. மலிவு எது? விளம்பரத்தில் 30 பெரிதாகத்தான் தெரியும். மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜெண்டுக்குக் கமிஷன் கிடைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

7. கம்பாரில் இரண்டு இடங்களை விசாரிக்கலாம்: 2002-இல் தொடங்கிய யு.டி.ஏ.ஆர். பல்கலைக்கழகமும், டி.ஏ.ஆர். யு.எம்.டி.யின் பேராக் கிளையும். இரண்டும் ம.சீ.ச. முயற்சியில் வந்தவை என்றாலும் எல்லா இனத்தவருக்கும் திறந்தவை. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் தாங்கக்கூடியது, தேர்வு முடிவை ஒட்டிய உபகாரச் சம்பளமும் உண்டு. கெடாவில் ஏய்ம்ஸ்ட் நம் சமூகத்தினுடையதுதான், ஆனால் தூரம்.

8. எந்தப் படிப்பானாலும் அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும்.

9. பி.டி.பி.டி.என். கடன்தான், தர்மமல்ல. ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் கிடைக்கும், ஃபவுண்டேஷனுக்குக் கிடைக்காது. தனியாரில் ஃபவுண்டேஷன் சேர்ந்துவிட்டு இது தெரிந்து திகைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து கிரெடிட் இருந்தாலும் டிப்ளோமா வழியாகப் போவது கைக்கு அடங்கும் செலவு என்பது என் கருத்து. விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், முன்னதாகவே திறந்து வையுங்கள். பெற்றோர் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவர் என்றால் முழுத்தொகைக்குத் தகுதி. தோட்டத்தில் வேலை செய்துகொண்டு எஸ்.டி.ஆருக்கு இன்னும் மனுப் போடாதவர்கள் இதற்காகவேனும் போடுங்கள். கடன் பணம் பெரும்பாலும் வகுப்புத் தொடங்கிய பிறகே கையில் சேரும். முதல் மாதத்துச் சாப்பாடு, மெத்தை, பயணத்துக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முதல் தரத்தில் பட்டம் பெற்றால் கடன் தள்ளுபடி உண்டு. நிபந்தனைகளை மட்டும் அவ்வப்போது சரிபாருங்கள்.

10. உங்கள் சொந்தப் பணத்தையும் மறக்காதீர்கள். ஈ.பி.எஃப்.பில் முன்பு கணக்கு 2 என்றிருந்து, 2024 மே மாதம் முதல் 'செஜாத்ரா' ஆன கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். முதுமைக்கு வைத்த பணம் என்பதால் இதைக் கடைசியில் தொடுங்கள். தகப்பன் வேலையில் விபத்துக்குள்ளாகி இறந்திருந்தாலோ, பெர்கேசோவிலிருந்து உடல் முடக்க ஓய்வூதியம் வாங்கினாலோ, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. விதவைத் தாய்மார் பலருக்கு இது தெரிவதில்லை. பக்கத்து லயத்தில் அப்படி யாராவது இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.

11. எம்.ஐ.இ.டி., யாயாசான் பகாங், மித்ரா, தோட்டத் தொழிலாளர் சங்கம், நிர்வாக அலுவலகம் என எல்லாக் கதவையும் தட்டுங்கள். சில கடன், சில ஒருமுறை உதவி. ஆண்டுக்கு ஆண்டு மாறும். எதைக் கேட்டாலும் முதலில் 'திருப்பிக் கட்ட வேண்டுமா?' என்று கேளுங்கள்.

12. பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தேர்வுச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே உறையில் வையுங்கள். தோட்டத்துக்குள் இணையம் இழுக்கும், ஆகவே கடைசி நாள் இரவுக்கு வைக்காமல் தானா ராத்தாவோ பிரிஞ்சாங்கோ போய் முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணை முடிவு வரும்வரை மாற்ற வேண்டாம். இடம் கிடைத்த செய்தி வந்ததும் கெடுவுக்குள் 'ஏற்கிறேன்' என்று பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.