எந்தத் தூரிலிருந்து எடுத்தாய்?

அன்புள்ள யாழினி,

மூங்கிலைத் திசு வளர்ப்பில் பெருக்கப் போவதாக எழுதியிருந்தாய். விதை போட்டால் போதாதா என்று உன் தோழி கேட்டாளாம். முள்மூங்கில் பூப்பதற்கே நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். பூத்துக் காய்த்ததும் தூரே காய்ந்துபோகும். மூங்கிலரிசியின் முளைப்புத்திறனும் சில மாதங்களில் போய்விடும். கிழங்கை வெட்டி நடலாம்தான். ஆயிரக்கணக்கில் கன்று கேட்டால் எத்தனை தூரைக் கெல்லுவது?

பக்கக் கிளையின் கணுவில், மொட்டோடு ஒரு துண்டு எடு. மழைக்காலத்தில் வேண்டாம், தொற்று கூடுதலாக இருக்கும். மெர்க்குரிக் குளோரைடு மேற்புறத்தைத்தான் சுத்தம் செய்யும். திசுவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா ஒரு வாரம் கழித்துக்கூடக் கலங்கலாக எட்டிப் பார்க்கும். (மெர்க்குரிக் குளோரைடு கடும் நஞ்சு. கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதே.) ஊடகம் பழையதுதான்: முராஷிகேவும் ஸ்கூக்கும் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்தது. அதில் பென்சைல் அடினைன் சேர்த்தால் மொட்டு விழித்துக் குருத்துகள் கிளம்பும்.

பிரிக்கும்போது பேராசை கூடாது. ஒற்றைக் குருத்தாகப் பிரித்தால் பெரும்பாலும் கருகிவிடும். மூன்று நான்கு சேர்ந்த கொத்தாகவே மாற்று. பெருக்குவது அவ்வளவு கடினமல்ல. வேர்விட வைப்பதில்தான் மூங்கில் பிடிவாதம் பிடிக்கும். ஆக்ஸின் அளவு இனத்துக்கு இனம் மாறும். வேர் வந்தபின்னும் அவசரப்படாதே: குடுவையின் ஈரத்தில் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு குறைவு, இலைத்துளைகளும் சரியாக மூடாது. ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிறகே நிழல்வலைக்குக் கொண்டுபோ.

பலர் கேட்க மறப்பது தாய்த்தூரின் வயது. அதைக் குடுவை அழிப்பதில்லை. முப்பத்தைந்து வயதுத் தூரிலிருந்து வந்த கன்று, பார்வைக்குப் பிஞ்சாக இருந்தாலும், தாய் பூக்கும்போது தானும் பூத்து மடியக்கூடும். உழவரிடம் கன்று கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் அந்தப் பூக்கும் கடிகாரத்தையும் கலைக்க முடியும். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் இளநீரும் பென்சைல் அடினைனும் சேர்த்த ஊடகத்தில் மூங்கில் நாற்றுகளைச் சில மாதங்களிலேயே பூக்கவைத்து, விதையும் எடுத்தார்கள். 1990இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. ஆகவே உன் குடுவையில் பூங்கதிர் தெரிந்தால் கெட்டுப்போனதென்று வீசிவிடாதே. ஹார்மோன் அளவு, எத்தனையாவது மாற்று, தாய்த்தூர் நின்ற இடம், தெரிந்தால் விதைத்த ஆண்டு எல்லாவற்றையும் குறித்துவைத்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா