பேரணிக்குப் பின் என்ன மாறியது?

டிசம்பர் 1 வந்தால் எய்ட்ஸ் பேரணி, அக்டோபர் 15 வந்தால் கைகழுவும் நாள் உறுதிமொழி, மழை தொடங்கினால் டெங்கு துண்டுப் பிரசுரம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் சுகாதார நாட்காட்டி ஏறக்குறைய இவ்வளவுதான். அதிகாரி ஒருவர் கொடியசைக்க, மாணவர்கள் பதாகை பிடித்துப் பேருந்து நிலையம் வரை போய் வருகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சுகாதார மேம்பாட்டுத் திட்டம் என்றாலே இதுதான் என்று நம்பிக்கொண்டு அந்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். இந்தப் பணியைச் சுற்றி வளர்ந்திருக்கும் சில நம்பிக்கைகளை உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை: எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொண்டால் மாறிவிடுவார்கள்.

மற்ற எல்லா நம்பிக்கைகளுக்கும் வேர் இதுதான். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதைக் கேள்விப்படாத அம்மா இன்று அரிது. ஆனாலும், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் 2011-ல் ஆய்வாளர்கள் வீடு வீடாக உட்கார்ந்து கவனித்தபோது, கழுவியே ஆகவேண்டிய தருணங்களில் சோப்பைத் தொட்டது நூற்றுக்கு ஒன்றிரண்டு முறைதான். லண்டனின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 14 கிராமங்களில் நடத்திய ஆய்வு அது. அவற்றில் 7 கிராமங்களுக்கு 'சூப்பர் அம்மா' என்ற பிரசாரம் போனது. கிருமியைப் பற்றிய பாடம் அதன் மையத்தில் இல்லை. நல்ல பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்து மகனை ஆளாக்கும் ஒரு தாயின் கதை இருந்தது. அழுக்குக் கையோடு லட்டு பிடித்து எல்லோரையும் முகம் சுளிக்க வைக்கும் ஒரு கோமாளி இருந்தான். ஊர்ப் பெண்கள் பலர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார்கள்.

6 வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கிராமங்களில் சோப்போடு கைகழுவுவது 19 சதவீதமாகியிருந்தது. பிரசாரம் போகாத கிராமங்களில் 4 சதவீதம். 6 மாதத்தில் 37, மற்றவற்றில் 6. முழு வெற்றி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் இதைச் சாதித்தவை பாசமும் அருவருப்பும் ஊரார் மதிப்பும். புதிதாக யாருக்கும் எந்தத் தகவலும் தேவைப்படவில்லை.

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவில் நடந்தது. போதைப்பொருளுக்கு எதிராக இளைஞர்களுக்கென்று 1998 முதல் 2004 வரை ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவில் விளம்பரங்கள் ஓடின. கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்கு ஆதாரமே இல்லை என்று மதிப்பீடு செய்தவர்கள் எழுதினார்கள்.

நம்பிக்கை: ஊருக்கு என்ன தேவை என்பது நமக்கே தெரியும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு 7 நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. அந்த ஏழு நாளில் முதல் நாள் தொடக்க விழாவுக்கும் கடைசி நாள் நிறைவு விழாவுக்கும் போய்விடும். நடுவில் கோயில் வளாகத் தூய்மை, கண் சிகிச்சை முகாம், மரக்கன்று நடுதல். ஊருக்குள் காலடி வைக்கும் முன்பே நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிடுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று 1970-களிலேயே சொன்னவர் அமெரிக்கப் பேராசிரியர் லாரன்ஸ் கிரீன். அவர் வகுத்த 'பிரிசீட்' முறை கடைசியிலிருந்து தொடங்கும். இந்த மக்கள் தங்கள் வாழ்க்கையில் எதைத் தொல்லை என்கிறார்கள்? அதில் உடல்நலத்தின் பங்கு என்ன? எந்தப் பழக்கம், எந்தச் சூழல் அதற்குக் காரணம்? அந்தப் பழக்கத்துக்கு மனத்தைத் தயார் செய்வது எது, அதைக் கைக்கு எட்டச் செய்வது எது, விடாமல் தொடர வைப்பது எது? இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகுதான் என்ன செய்யலாம் என்ற பேச்சே எழும்.

டெங்குவை எடுத்துக்கொள்ளலாம். ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் போதும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். சரியான அறிவுரைதான். நான்கு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில், டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அந்தப் பெண் எதை வைத்துச் சமைப்பார்? 'தண்ணீரைத் தேக்காதீர்' என்ற காகிதத்தை அவர் கையில் திணிப்பது கிட்டத்தட்ட கேலி. அவருக்கு வேண்டியது டிரம்முக்குப் பொருந்தும் மூடி, தண்ணீர் எப்போது வரும் என்ற உறுதி, தொட்டியைத் தேய்ப்பதற்கு ஏற்ற நாள். இதைக் கேட்டறிந்த மாணவர் அச்சகத்துக்குப் போகமாட்டார். பாத்திரக் கடையில் மூடி விலை விசாரிப்பார், பிறகு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தண்ணீர் விடும் நேரத்தைக் கேட்பார்.

முதலில் கேட்பது என்ற இந்தப் பழக்கம் மருத்துவக் கல்வியில் கொஞ்சம் வேரூன்றி வருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, படிப்பின் தொடக்கத்திலேயே மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பிக் குடும்பங்களைச் சந்திக்க வைக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அதையும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காக்கிவிடலாம் என்பது வேறு விஷயம்.

நம்பிக்கை: இதெல்லாம் மருத்துவம் படிப்பவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

இலங்கையில் மிகிந்தலையில் உள்ள ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை நடத்துவது பிரயோக விஞ்ஞான பீடம். மருத்துவ பீடம் வேறு. இதில் வியப்பில்லை. 1986 நவம்பர் 21 அன்று கனடாவின் ஒட்டாவாவில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட சாசனம் ஐந்து பணிகளைச் சொல்கிறது: நலம் காக்கும் பொதுக் கொள்கை, அதற்குத் துணைநிற்கும் சூழல், மக்களின் கூட்டுச் செயல், தனிமனிதத் திறன்கள், மருத்துவ சேவையின் திசைமாற்றம். ஐந்தில் மருத்துவமனையை நேராகத் தொடுவது கடைசி ஒன்றுதான்.

புகையிலைப் பொருள்களைக் கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கல்லூரி வாசலில் நின்று பார்த்தால் அந்தச் சட்டத்தின் கதி தெரியும். இங்கே சட்ட மாணவர் பிரிவைப் படிக்கலாம், கட்டடப் பொறியியல் மாணவர் நாடாவை வைத்துத் தூரம் அளக்கலாம், தமிழ் இலக்கிய மாணவர் மனு எழுதலாம். சிகரெட்டை எடுத்துவிட்டால் பெட்டிக்கடைக்காரர் எதை விற்றுப் பிழைப்பார் என்று வணிகவியல் மாணவர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் கடை பத்தடி தள்ளிப் போகும், அவ்வளவுதான். புகைப்பதன் தீமைகளைப் பற்றிய கருத்தரங்கைவிட இந்த ஒரு வேலை கடினமானது, பயனுள்ளதும்கூட.

நம்பிக்கை: நன்றாகப் பயமுறுத்தினால் திருந்துவார்கள்.

கருகிய நுரையீரல் படத்தைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்பவர்களும் உண்டு. தப்பிக்க ஒரு வழியைக் காட்டாத பயம், 'எனக்கெல்லாம் வராது' என்ற மறுப்பில் போய் முடியும். இந்தியாவில் சிகரெட் பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஆனால் 2018 முதல் அதோடு 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் அச்சாகிறது. சுவரொட்டி வரையும் மாணவர்கள் பெரும்பாலும் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள், எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை: எல்லோரும் பாராட்டினார்கள், எனவே திட்டம் வெற்றி.

1983-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. காவலர்கள் பள்ளிக்கு வந்து போதைப்பொருளை மறுப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியர்களுக்குப் பிடித்தது, காவல்துறைக்கும் பிடித்தது. நாடு முழுக்கப் பரவியது. 2003-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. கைதட்டலை வைத்து மட்டும் மதிப்பிட்டிருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது.

மாணவர் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது முன்கணக்கு. விடுதியில் எத்தனை பேர் காலை உணவைத் தவிர்க்கிறார்கள் என்று தொடங்கும் முன் எண்ணாமல், முடிந்த பின் எண்ணி என்ன பயன்? அதே கேள்வியை மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். முடிந்தால், திட்டம் நடக்காத பக்கத்து விடுதியிலும் கேட்க வேண்டும். சித்தூரில் பிரசாரம் போகாத 7 கிராமங்களையும் கணக்கில் வைத்திருந்தது இதற்காகத்தான். இதற்குப் பெரிய புள்ளியியல் தேவையில்லை. ஒரு நோட்டும் இரண்டு மாலைப் பொழுதுகளும் போதும்.

மாணவர்கள் இதைத் தவிர்ப்பதற்குச் சோம்பல் முழுக் காரணமில்லை. 'எதுவும் மாறவில்லை' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமே என்ற அச்சம்தான் பெரிய காரணம், அது நியாயமான அச்சமும்கூட. எனவே திட்ட அலுவலர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறிக்கைப் படிவத்தில் 'கலந்துகொண்டோர் எண்ணிக்கை' என்ற வரிக்குக் கீழே 'முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு' என்று இன்னொரு வரி சேருங்கள். அங்கே ஒரு மாணவர் நேர்மையாகப் பூஜ்யம் என்று எழுதி, ஏன் என்று விளக்கியிருந்தால், அவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.