புயலுக்குப் பெயர் சவுதியிலிருந்து, எச்சரிக்கை உங்கள் போனுக்கு: இடையில் நடப்பது என்ன?

“அடுத்த 3 மணி நேரத்தில் இடி, மின்னலுடன் மழை பெய்ய வாய்ப்பு.” வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இப்படி ஒரு தகவல் நம் கைப்பேசிக்கு அடிக்கடி வரும். சிலர் படிப்பார்கள். சிலர் படிக்காமலேயே தள்ளிவிடுவார்கள். “இவங்க மழைன்னு சொன்னா வெயிலடிக்கும்” என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு.

அந்த ஒற்றை வரித் தகவலுக்குப் பின்னால் எத்தனை நாடுகள் வேலை செய்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும் ஆரூடம் அல்ல அது. பல நாடுகள் அளந்து, பகிர்ந்து, கணக்கிட்டு அனுப்பும் ஒரு நீண்ட சங்கிலி. அதன் கடைசிக் கண்ணி உங்கள் கையில் இருக்கிறது. அந்தச் சங்கிலியை முதலிலிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஃபெஞ்சல் நினைவிருக்கிறதா?

2024 நவம்பர் கடைசி வாரம். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு, இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியபடி வடக்கே நகர்ந்தது. இலங்கையில் வெள்ளமும் உயிரிழப்பும் ஏற்பட்டன. இது புயலாகுமா, ஆகாதா என்ற கேள்வி சில நாட்கள் நீடித்தது. நவம்பர் 29-ல் அது புயலாகி, ‘ஃபெஞ்சல்’ என்ற பெயரைப் பெற்றது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாள், கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. பெய்தது. பிறகு தென்பெண்ணையாற்று வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்குள் புகுந்தது.

கடலில் தொடங்கி, பக்கத்து நாட்டைத் தொட்டு, கரையைக் கடந்து, உள் மாவட்டத்தில் கொட்டி, ஆறு வழியாக மறுபடியும் கடலோரத்துக்கே வந்த தண்ணீர் இது. வானிலைக்கு எல்லைக்கோடு கிடையாது. அதனால் எந்த நாடும் தன் எல்லைக்குள் மட்டும் அளந்துவிட்டு முன்னறிவிப்பு சொல்ல முடியாது.

யார் யார் எதை அளக்கிறார்கள்?

முதலில் பலூன். கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கும் பகல் 12 மணிக்கும் உரிய அளவீட்டுக்காக, உலகின் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வானிலை பலூன்களைப் பறக்கவிடுகின்றன. நமக்கு அது காலை 5:30, மாலை 5:30. சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பலூன்கள் கிளம்புகின்றன. பலூனில் கட்டிய சிறு கருவி, மேலே போகப் போக வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் வேகம் ஆகியவற்றை வானொலி அலை மூலம் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் காபி குடிக்கும் நேரத்துக்குள் அந்த எண்கள் உலகத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து செயற்கைக்கோள். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நம் இன்சாட்-3டிஎஸ் மேகங்களைப் படம் பிடிக்கிறது. அதே இந்தியப் பெருங்கடலை ஐரோப்பாவின் மீட்டியோசாட் ஒரு பக்கமிருந்தும், ஜப்பானின் ஹிமவாரி கிழக்குப் பக்கமிருந்தும் பார்க்கின்றன. ஒன்றின் பார்வையில் விட்டது மற்றொன்றில் கிடைக்கும்.

மூன்றாவது கடல். புயலுக்குத் தீனி போடுவது கடலின் வெப்பம்தான். கடல் மேல்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது, எவ்வளவு ஆழம் வரை சூடு இருக்கிறது என்பதும் முக்கியம். இதற்காக 30-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து ‘ஆர்கோ’ என்ற திட்டத்தில் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகளை உலகக் கடல்களில் விட்டிருக்கின்றன. அவை பெரும்பாலும் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, சுமார் 10 நாட்களுக்கு ஒருமுறை மேலே வந்து தகவல் அனுப்பும். நம் வங்கக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிப்பது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

இத்தனை எண்களையும் வாங்கி, அடுத்த சில நாட்களில் காற்று எப்படி நகரும் என்று கணக்குப் போடுவது கணினி மாதிரிகளின் வேலை. இந்தியா தன் சொந்த மாதிரிகளோடு, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகள் உருவாக்கிய மாதிரிகளையும், ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் கணிப்புகளையும் பயன்படுத்துகிறது. இவை எல்லாம் ஒரே பாதையைக் காட்டினால் வானிலையாளர் உறுதியாகச் சொல்வார். ஒன்று நாகை என்றும் இன்னொன்று சென்னை என்றும் காட்டினால் “வாய்ப்பு” என்ற சொல்லைப் பயன்படுத்துவார். ‘வாய்ப்பு’ என்பது மழுப்பல் இல்லைங்க. அன்றைய நிலையில் அறிவியல் நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஏன் பகிர்ந்துகொள்கிறார்கள்?

நாடுகள் சண்டை போட்டுக்கொள்ளும் காலத்திலும் வானிலைத் தகவல் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்கான அடித்தளம் 1873-ல் வியன்னாவில் நடந்த மாநாட்டில் போடப்பட்டது. இன்று இந்த வேலையை ஒருங்கிணைப்பது ஜெனீவாவில் இயங்கும் உலக வானிலை அமைப்பு. அதன் உடன்படிக்கை 1950 மார்ச் 23-ல் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 23 உலக வானிலை நாளாகக் கொண்டாடப்படுவது அதனால்தான். இப்போது 193 உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

அத்தியாவசிய வானிலைத் தகவலைக் கட்டணமோ கட்டுப்பாடோ இல்லாமல் பகிர வேண்டும் என்று 1995-ல் இந்த அமைப்பு தீர்மானம் போட்டது. 1999-ல் ஆறு, நீர்நிலை பற்றிய தகவல்களுக்கும் ஒரு தீர்மானம் வந்தது. 2021-ல் இவற்றை ஒரே கொள்கையாக விரிவுபடுத்தினார்கள்.

இது தர்மத்துக்காகச் செய்வது மட்டும் அல்ல. ஏழை நாடு ஒன்றில் பலூன் பறக்காவிட்டால், சில நாட்கள் கழித்து வரும் வானிலையைக் கணிப்பதில் வசதியான நாட்டுக்கும் இடைவெளி விழும். அதனால்தான் வசதியில்லாத நாடுகளில் வானிலை நிலையங்கள் அமைக்கவும், அதைவிட முக்கியமாக அவற்றைத் தொடர்ந்து நடத்தவும் ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து தனி நிதியம் ஒன்றைத் தொடங்கியிருக்கின்றன. கருவி வாங்கித் தருவது சுலபம். பத்து வருடம் கழித்தும் அது வேலை செய்ய வேண்டுமே!

நம் கடலுக்கு யார் பொறுப்பு?

வெப்பமண்டலப் புயல்களுக்காக உலக வானிலை அமைப்பு அங்கீகரித்த 6 மண்டலச் சிறப்பு மையங்களில் ஒன்று டெல்லியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் இருக்கிறது. வங்கக்கடல், அரபிக்கடலில் புயல் உருவானால் நமக்கு மட்டுமின்றி இலங்கை, வங்கதேசம், மியான்மர், ஓமன் போன்ற நாடுகளுக்கும் இந்த மையம் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. இரண்டே ஆண்டில், 1972-ல், இந்தக் கடல்களைச் சுற்றியுள்ள நாடுகளுக்கான புயல் குழு அமைக்கப்பட்டது. இன்று அதில் 13 நாடுகள். புயல்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியலும் இவர்கள் தருவதுதான். 2020-ல் ஒவ்வொரு நாடும் 13 பெயர்கள் வீதம் 169 பெயர்கள் கொடுத்தன. ‘கஜா’ இலங்கை தந்த பெயர். ‘வர்தா’ பாகிஸ்தான் தந்தது. ‘ஒக்கி’ வங்கதேசம். ‘மாண்டஸ்’ ஐக்கிய அரபு அமீரகம். ‘மிக்ஜாம்’ மியான்மர். ‘ஃபெஞ்சல்’ சவுதி அரேபியா. சுருக்கமான பெயர் இருந்தால், மீனவரும் அதிகாரியும் செய்தி வாசிப்பவரும் ஒரே புயலைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வராது.

மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்

வானிலை ஒரு பாதி, நீர் மறு பாதி. ஒரே அளவு மழை காய்ந்த மண்ணில் பெய்தால் ஊறிவிடும். ஏற்கெனவே நனைந்த மண்ணில் பெய்தால் ஊருக்குள் ஓடும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, இன்னும் எவ்வளவு பெய்தால் வெள்ளம் வரும் என்று கணக்கிடும் ‘தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு’ 2020 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான் ஆகிய ஐந்து நாடுகளுக்கான இதன் மையம் இந்தியாவில் இருக்கிறது. திடீர் வெள்ள அச்சுறுத்தலை 6 மணி நேரம் முன்பும், அதற்கான அபாயத்தை 24 மணி நேரம் முன்பும் இது காட்டுகிறது.

பெரிய ஆறுகளிலும் இதே கதைதான். நேபாளம், பூடானிலிருந்து வரும் ஆறுகளின் தகவல் இந்தியாவுக்கு வேண்டும். கங்கை, பிரம்மபுத்திராவின் தகவலை வெள்ளக் காலத்தில் இந்தியா வங்கதேசத்துக்குத் தருகிறது. நமக்குப் பழக்கமான உதாரணம் காவிரி. கர்நாடக அணைகளில் திறக்கும் நீரை எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அந்த அளவை வைத்துத்தான் மேட்டூரும் அதற்குக் கீழே உள்ள கரையோர மக்களும் தயாராகிறார்கள். மேலே இருப்பவர் சொன்னால்தான் கீழே இருப்பவர் தப்பிக்க முடியும்.

எச்சரிக்கை வந்தும் பலன் இல்லாவிட்டால்?

2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரைத் தாக்கியது. டெல்லி மையம் முன்கூட்டியே மியான்மருக்குத் தகவல் அனுப்பியிருந்தது. ஆனாலும் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் எண்ணிக்கை சுமார் 1,38,000. ஐராவதி கழிமுகத்து கிராமங்களில் பலருக்கு ஆபத்தின் அளவு புரியும்படி போய்ச் சேரவில்லை. ஒதுங்கப் பாதுகாப்பான இடமும் இல்லை.

பக்கத்திலேயே வங்கதேசம். 1970-ல் 3 லட்சத்துக்கும் மேல் பறிகொடுத்த நாடு, 1991 புயலில் மறுபடி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. 2007-ல் வலிமையான சிட்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். அவர்கள் மெகாபோன் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள்.

2027 முடிவதற்குள் பூமியில் உள்ள ஒவ்வொருவரையும் முன்னெச்சரிக்கை சென்றடைய வேண்டும் என்று 2022-ல் ஐ.நா. அறிவித்த ‘அனைவருக்கும் முன்னெச்சரிக்கை’ திட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆபத்தை அறிதல், கணித்தல், தகவலைக் கொண்டுசேர்த்தல், மக்கள் தயாராதல் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் எச்சரிக்கை முழுமை. கடைசி இரண்டும் நம் வீட்டு வாசலில் நடப்பவை.

இனி உங்கள் பங்கு

1. கைப்பேசி செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ என்று தேடுங்கள். அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள்.

2. தமிழக அரசின் ‘டிஎன்-அலர்ட்’, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலிகளைப் பதிவிறக்குங்கள். இருப்பிட அனுமதி கொடுத்தால் உங்கள் பகுதிக்கான எச்சரிக்கை வரும். வானிலைக்கு ‘மௌசம்’, மின்னலுக்கு ‘தாமினி’, ஆற்று வெள்ளத்துக்கு மத்திய நீர்வள ஆணையத்தின் ‘ஃபிளட்வாட்ச் இந்தியா’ இருக்கின்றன.

3. சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் சுமார் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

4. வாட்ஸ்அப்பில் வரும் புயல் தகவலை அனுப்பும் முன் தேதியைப் பாருங்கள். போன வருட வீடியோ இந்த வருடமும் சுற்றும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையுடன் ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

5. மீனவ சகோதரர்களே, கடலில் உள்ள மிதவைகளில் படகைக் கட்ட வேண்டாம், பாகங்களைக் கழற்ற வேண்டாம். ஒரு மிதவை நின்றுபோனால் அந்த இடத்தில் கடல் என்ன செய்கிறது என்பது கரையில் யாருக்கும் தெரியாது. அடுத்த புயலில் கடலில் இருக்கப்போவது உங்கள் படகாகவும் இருக்கலாம்.

6. ஸ்மார்ட்போன் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டி, தனியாக இருக்கும் பெரியவர், தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி ஆகியோருக்கு எச்சரிக்கையை வாயால் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இந்த மூன்று பேர் யார் என்று இன்றே யோசித்து வையுங்கள்.

7. அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பலூன் விட்டவர், மிதவையைப் பழுது பார்த்தவர், பக்கத்து நாட்டில் இரவு முழுக்க மழைமானியைக் கவனித்தவர் என யாரோ முகம் தெரியாத பலர் தங்கள் வேலையை முடித்த பிறகுதான் அந்த ஒரு வரி உங்கள் போனுக்கு வருகிறது. அடுத்த முறை வரும்போது தள்ளிவிடாமல் படியுங்கள். படித்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.